யார்ட்டயும் சொல்லல

"இல்ல சார், யார்ட்டயும் சொல்லல" என்று இசக்கியம்மாள் சொன்னபோது குமுதவல்லி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திறக்கத் திருகினாளா மூடத் திருகினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. மூடி கையோடு வந்துவிட்டது. கேட்டவர் கிரிக்கெட் சங்க விசாரணைக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தணிகாசலம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, ரெண்டு நோபால் போடச் சொல்லி ஒருத்தன் வந்தான்னு ஆட்டத்துக்கு முன்னாடியே நீ யார்கிட்டயாவது, கேப்டன்கிட்டயோ கோச்கிட்டயோ வேற பெரியவங்ககிட்டயோ, சொல்லியிருந்தா அது உனக்குச் சாதகம், தண்டனையைக் குறைக்க எங்களுக்கு ஒரு வழி கிடைக்கும் என்று இரண்டாவது முறையாக எடுத்துக் கொடுத்தார். நடுவில் அவர், வலப்பக்கம் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் வேதமூர்த்தி, இடப்பக்கம் முன்னாள் விக்கெட் கீப்பர் குமுதவல்லி. அந்தப் பெண்ணின் பார்வை நீதிபதியிடமிருந்து வேதமூர்த்திக்குப் போய், இந்தப் பக்கம் வராமலே மேஜை விளிம்பில் இறங்கிவிட்டது. வராமலே. ஒரு கணம் வந்திருந்தால்கூடத் தேவலை, கோபமாகவோ கெஞ்சலாகவோ எப்படியோ வந்திருந்தால். தெரியாதவளைத் தாண்டிப் போவதுபோல் தாண்டிப் போனாள், இருபத்திரண்டு வயசுப் பெண், இவ்வளவு சுத்தமாகத் தாண்ட எங்கே கற்றுக்கொண்டாள். "யார்ட்டயும் சொல்லல சார்." நீதிபதி எழுதிக்கொண்டார். அவர் பேனா தாளில் உரசும் சத்தம் குமுதவல்லியின் பல்லில் கூசியது. மணி ஒன்று. சாப்பிட்டுட்டு வந்து முடிவு பண்ணிடலாம், ரெண்டு மணிக்கு, என்று அவர் எழுந்தார்.

பக்கத்து அறையில் ஹோட்டல் பார்சல்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். நூல் முடிச்சு அவளுக்கு அவிழவில்லை. வலது சுண்டுவிரலும் மோதிர விரலும் மூன்று இடத்தில் உடைந்து கோணிக்கொண்ட விரல்கள், ஊசியில் நூல் கோக்காது, முடிச்சு அவிழ்க்காது, வேதமூர்த்தியே வாங்கி அறுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். அதுதான் சங்கடம், அவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி. கையெல்லாம் சாம்பாராகப் பிசைந்துகொண்டே சொன்னார்: "குமுதா, எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபமே இல்ல. ஆனா வாழ்நாள் தடைதான். இதுல குறைச்சல் பேச்சே கிடையாது." நீதிபதி, சின்னப் பொண்ணு சார், ஆட்டமே ரெண்டு ரன்னில் மாறலை, என்று இழுத்தார். "சார், எண்பத்தொன்பதுல நான் ஒரு இறுதி ஆட்டம் ஆடினேன். என் வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு. இருபத்தேழு ஓவர் போட்டேன், கால் நகம் பிஞ்சு ஷூவெல்லாம் ரத்தம். பத்து வருஷம் கழிச்சுத் தெரியுது, எங்க கேப்டன் அதை முதல் நாளே வித்துட்டான்னு. அந்த ஆட்டம் எனக்குத் திரும்பி வருமா? எனக்கு விழுந்தது மட்டும் என்ன, அதுவும் வாழ்நாள் தடைதானே?" சொல்லிவிட்டு அப்பளத்தை உடைத்தார். அந்தச் சின்னச் சத்தத்தில் குமுதவல்லி திடுக்கிட்டாள். அவர் சொல்வது சரிதான், அவளுக்கும் அதுதானே எண்ணம், முப்பது வருஷமாக அதைத்தானே எங்கே மைக் கொடுத்தாலும் பேசினாள், காசு வாங்கிக்கொண்டு ஆடியவள் மறுபடி மட்டையைத் தொடக் கூடாது என்று, போன வருஷம் ஒரு கல்லூரி விழாவில்கூட. கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று வேதமூர்த்தி கேட்டார். "சாப்பிட்டுட்டுச் சொல்றேன் மூர்த்தி சார்" என்றாள். வாயில் வைத்த சாதத்தையே மென்றுகொண்டிருந்தாள்.

போன பிப்ரவரி. கீப்பர்களுக்கான பத்து நாள் பயிற்சி முகாம், அவள்தான் நடத்தினாள், கீப்பர்களுக்குப் பந்து போட நாலு சுழற்பந்துப் பெண்களை வரவழைத்திருந்தார்கள், அதில் ஒருத்தி இந்த இடக்கைக்காரி, வள்ளியூர்ப் பக்கம், அப்பா டவுன் பஸ் ஓட்டுநர். பந்து காற்றில் ஒரு கணம் தயங்கி நின்று பிறகு விழும். அதைப் பிடிக்கும்போது கையில் ஒரு சந்தோஷம் வரும். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, எட்டாம் நாள்தான், ஏனென்றால் அன்றைக்குத்தான் வலை கிழிந்தது, பயிற்சி முடிந்து குமுதவல்லி முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யக்கா, ஒங்கட்ட ஒண்ணு சொல்லணும் என்று வந்து பக்கத்தில் தரையில் குந்தினாள் இசக்கி. மட்டை கம்பெனி ஆளுன்னு சொல்லி ஒருத்தரு வந்தாருக்கா, நல்லாத்தான் பேசுனாரு, பொறவு லீக்ல மூணாவது ஓவருல ரெண்டு நோபால் போடணும்ங்காரு, இத யார்ட்டச் சொல்லணும்? அவ்வளவுதான் கேட்டாள். யாரிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் குமுதவல்லிக்குத் தெரியும், ஊழல் தடுப்பு அதிகாரியின் தொலைபேசி எண் அவள் கையிலிருந்த முகாம் அட்டையின் பின்பக்கமே அச்சாகியிருந்தது. அவள் சொன்னது வேறு. விடும்மா. யார்கிட்டயும் போய்ச் சொல்லாதே, சொன்னா முதல்ல உன்னைத்தான் சந்தேகமாப் பார்ப்பாங்க. அந்த நம்பரை பிளாக் பண்ணிட்டு ஆட்டத்தைப் பாரு. விடும்மா என்றாளா, விடு என்றாளா? விடும்மா என்றால் அதில் கொஞ்சம் அக்கறை இருக்கிறது. விடு என்றால் தொந்தரவு பண்ணாதே என்று அர்த்தம். விடும்மாதான். 'ம்மா' சேர்த்துத்தான் சொன்னாள். நிச்சயமாகவா? இரண்டு மாதமாக அந்த ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள், தூங்கப் போகும்போது கிடைக்கிறது, பல் தேய்க்கும்போது தொலைகிறது.

ஏன் அப்படிச் சொன்னாள்? பெண்கள் லீக் முதல்முறையாக டிவியில் வரப்போகிறது, இந்த நேரத்தில் இப்படி ஒரு பேச்சு கிளம்பினால் அதோடு எல்லாம் மூடிவிடுவார்கள், ஆண்களுக்கு ஆயிரம் ஊழல் நடந்தாலும் ஆட்டம் நிற்காது, நமக்கு ஒன்று போதும், அதனால்தான். இந்தக் காரணம் நன்றாக இருக்கிறது. இதை வேதமூர்த்தியிடம்கூடச் சொல்லலாம், தலையாட்டுவார். ஆனால் இது அப்புறம் வந்த காரணம். அந்த நிமிஷத்தில் லீக்கைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அந்த நிமிஷத்தில் மடியில் கைபேசி இருந்தது, தேர்வுக் குழுவில் அவளைப் போடலாமா என்று சங்கச் செயலாளர் பேசுவதாகச் சொல்லியிருந்தார், ஐந்து மணிக்குள் பேசுவார், மணி நாலே முக்கால். இந்தப் பெண் பாட்டுக்கு எழுந்து போனால் தேவலை என்று இருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதற்கு மேலே போட்டு மூட வேறு துணி இல்லை. இசக்கி, சரிக்கா என்று எழுந்து போனாள், போகும்போது ஐஸ் பை நழுவியிருந்ததைச் சரியாக எடுத்து முழங்காலில் வைத்துவிட்டுப் போனாள். செயலாளர் அன்றைக்குப் பேசவில்லை. மறுநாள்தான் பேசினார்.

கை கழுவப் போனாள். கழுவுமிடத்தில் இசக்கி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றாள், மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. கண்ணாடியில் இருவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை குழுவினரோடு பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இசக்கி குழாயை இறுக்கி மூடினாள், துப்பட்டாவில் முகத்தை ஒற்றிக்கொண்டாள், பக்கவாட்டில் நகர்ந்து வழிவிட்டு வெளியே போனாள். சாப்பிட்டாளா? அப்பா மாடிக்கு வர மாட்டேன் என்று கீழே வேப்பமரத்தடியில் நிற்கிறாராம், காவலாளி சொன்னார். யூனிபார்மோடு வந்திருக்கிறார் போல, காக்கி. குமுதவல்லி சோப்பைத் தேய்த்தாள், உருளைக்கிழங்கு எண்ணெய் போகவில்லை, மறுபடி தேய்த்தாள். ஒரு வியாழக்கிழமை வந்த அழைப்பும் இப்படித்தான், தேய்த்தாலும் போகாது. லீக் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஒரு அழைப்பு, பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. இசக்கி வள்ளியூர் என்று பெயர் ஒளிர்ந்தது. தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போயிருந்தாள், கடைக்காரர் மடிப்பு மடிப்பாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார், அரக்கா மயில் பச்சையா என்று எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள், அப்புறம் கூப்பிடலாம் என்று கவிழ்த்து வைத்தாள். அப்புறம் கூப்பிடவில்லை. மறந்துவிட்டாள் என்பது பொய், மூன்று தடவை ஞாபகம் வந்தது. காலையில் அந்தப் பெண் வாக்குமூலத்தில் சொன்னாள், நம்பர பிளாக் பண்ணிட்டேன் சார், ஆனா அவரு நேர்ல வந்துட்டாரு, நீ யார்ட்டப் போய்ச் சொன்னாலும் ஒருத்தரும் கண்டுக்க மாட்டாவன்னாரு. ஏன் அதை நம்பினே என்று வேதமூர்த்தி அதட்டினார். ஏன் நம்பினாள் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். நம்பாமல் என்ன செய்வாள், சோதித்துப் பார்த்திருந்தாளே. அவள் வாங்கியது ஒரு ஸ்கூட்டி வாங்குகிற காசு. மூன்றாவது ஓவர், நாலாவது பந்திலும் ஆறாவது பந்திலும் கோட்டைத் தாண்டி அரையடி கால். தூக்கக் கலக்கத்தில்கூட அவள் கால் கோட்டைத் தாண்டாது, முகாமில் பத்து நாளில் ஒரு நோபால் போடவில்லை.

மணி ஒன்று நாற்பது. ஜன்னல் வழியே கீழே மைதானம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது, ரோலர் ஒன்று நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. சரி, நடந்தது நடந்தது, இனி ஆக வேண்டியதைப் பார்க்கலாம். வாழ்நாள் வேண்டாம் என்று சொல்லலாம். மூன்றில் நீதிபதிக்கு மனசு இளகியிருக்கிறது, வேதமூர்த்தி இறுக்கம், தன் ஒரு வாக்குதான் இரண்டு பக்கமும் சாய்க்கும். ஐந்து வருஷம் என்று வாதாடலாம், வயதைச் சொல்லலாம், குடும்பத்தைச் சொல்லலாம், முதல் குற்றம் என்று சொல்லலாம். நினைக்கும்போதே நெஞ்சு லேசானது, சாய்ந்து உட்கார்ந்தாள், பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். அது எதற்கு? அது கருணையா? அவள் வாயை மூடிக்கொண்டதற்கு இவள் கொடுக்கிற விலை அல்லவா அது, எந்தக் கம்பெனி ஆள் வந்து பேசாமலே பேரம் முடிந்துவிட்டதே, அந்தப் பெண் நோபால் போட்டாள், இவள் தீர்ப்புப் போடப் போகிறாள். சரி, அப்படியானால் வாழ்நாள் தடை என்று சொல்லிவிடு, முப்பது வருஷமாகச் சொன்னதையே சொல். சொன்னால்? அவள் இனி எந்த மைதானத்துக்கும் எந்த முகாமுக்கும் வர மாட்டாள், எந்தக் கண்ணாடியிலும் பக்கத்தில் நிற்க மாட்டாள், அவள் பேச்சையும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே சாட்சியை மண்ணைத் தள்ளி மூடியாயிற்று. குறைத்தாலும் தப்பு, கூட்டினாலும் தப்பு. இந்த மாதிரிக் குற்றத்துக்கு வாழ்நாள் தடை சரியா தப்பா என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், தெருவில் போகிறவரை நிறுத்திக் கேட்கலாம், அவர் சொல்லும் பதிலுக்கு ஒரு மதிப்பு இருக்கும். குமுதவல்லி சொல்லும் பதிலுக்கு மட்டும் கிடையாது. அப்புறம் அந்தப் படிவம். குழுவில் சேரும்போது கையெழுத்துப் போட்டது, எனக்கும் மேற்படி வீராங்கனைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. யாதொரு. அந்தச் சொல்லைப் படித்துவிட்டுத்தான் போட்டாள். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து விலகியிருக்கலாம், ஏன் விலகவில்லை? உள்ளே இருந்தால் அந்தப் பெண்ணுக்கு உதவலாம் என்று. பொய். உள்ளே இருந்தால் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று முதலில் தெரியும் என்று.

இரண்டு மணிக்கு நீதிபதி கோப்பைத் திறந்தார். "மூர்த்தி சார் சொல்லிட்டார். நீங்க சொல்லுங்க மேடம்." குமுதவல்லி சொல்ல நினைத்தது ஒரு வாக்கியம், அதன் முதல் சொல் நான். அது வாயில் வந்து உட்கார்ந்துகொண்டு நகரவில்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பழைய நாட்காட்டித் தாள் ஒன்று கிடந்தது, அதைப் படித்தாள். "மேடம்?" "அந்தப் பொண்ணு பொய் சொல்லுது சார்." வேதமூர்த்தி, நான் சொன்னேன் பார்த்தீங்களா என்பதுபோல் நிமிர்ந்தார். "யார்கிட்டயும் சொல்லலைன்னு சொல்லுச்சே, அது பொய். எங்கிட்ட சொல்லுச்சு. ஆட்டத்துக்கு மூணு வாரம் முன்னாடி. நான்தான் வெளியில சொல்லாதேன்னேன். அப்புறமும் ரெண்டு தடவை போன் பண்ணுச்சு, நான் எடுக்கலை." நீதிபதி பேனா மூடியை எடுத்து மெதுவாகப் பொருத்தினார். முகாம் எங்கே, எந்தத் தேதி, அழைப்பு வந்த விவரம் கைபேசியில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், இருக்கிறது, அவள் அதை அழிக்கவில்லை, ஏன் அழிக்கவில்லை என்பதும் தெரியாது. வேதமூர்த்தியின் முகம் கறுத்துப்போயிருந்தது. "உங்ககிட்டயா சொன்னா? நம்மகிட்டயா?" என்றார். "நான் காலையில அவளை அதட்டினேனே குமுதா. ஏன் நம்பினேன்னு அதட்டினேனே, நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்களே!" அவர் குரல் உடைந்தது. "வாழ்நாள் முழுக்க உள்ள விடக் கூடாதுன்னா அது உங்களைத்தான்." குமுதவல்லி தலையாட்டினாள். நீதிபதி நிதானமாக, அது தனி விசாரணை, விதிப்படி புகார் கொடுக்காம மறைச்சதுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் நீங்க எந்தப் பதவியிலயும் இருக்க முடியாது, அதை அப்புறம் பார்ப்போம், இதுல இனி நீங்க உட்கார முடியாது, நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிக்கிறோம், தயவுசெய்து வெளியே இருங்க, என்றார். இவ்வளவுதானா, என்று ஒரு ஆசுவாசம் முதலில் வந்தது. வந்ததே என்று அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது.

நடையில் ஒரே ஒரு பெஞ்சுதான். இசக்கி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள். "சொல்லிட்டேன்" என்றாள் குமுதவல்லி. "என்னத்த?" "நீ எங்கிட்ட சொன்னதை." இசக்கி அவள் பக்கம் திரும்பினாள், இன்றைக்கு முதல்முறையாக முழுசாகத் திரும்பினாள். நன்றி இருக்கும், இல்லாவிட்டால் அழுகையாவது இருக்கும் என்று குமுதவல்லி எதிர்பார்த்திருந்தாள் என்பது அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "என்னத்துக்குக்கா சொன்னிய?" என்றாள் இசக்கி, பதறிப்போய், குரலை அடக்கிக்கொண்டு. "நீங்க உள்ள இருக்கியன்னுதான நான் வாயத் தொறக்கல. எனக்குன்னு பேச ஒரு ஆளு உள்ள இருக்காவன்னு நெனச்சிட்டு இருந்தேன். இப்ப உள்ள யாருக்கா இருக்கா எனக்கு?" குமுதவல்லி வாயைத் திறந்தாள். சொல்லியிருக்காவிட்டால் அது இன்னொரு ஃபிக்சிங் ஆகியிருக்கும் என்று சொல்லலாம். அது நியாயம். ஆனால் தன் நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கி வைக்க இடம் தேடி, அதை இந்தப் பெண்ணின் மடியிலேயே இறக்கியிருக்கிறாளோ? கடைசியில் இதுவும் தனக்காகத்தானோ? "ஒங்களுக்கு எத்தன வருசம் போடுவாவ?" "ரெண்டு இருக்கும்." "ரெண்டு" என்றாள் இசக்கி. பிறகு பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மூடினாள்.

இருபது நிமிஷம் கழித்து இசக்கியைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்தியிருந்தது, நீதிபதியின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை, நடுவில் வேதமூர்த்தி இருமுவது கேட்டது. குமுதவல்லி உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் பந்து வருவதற்கு முன் இப்படித் துடைப்பாள், அப்போது வரப்போவது என்ன என்று கொஞ்சமாவது தெரிந்திருக்கும். இசக்கி வெளியே வந்தாள், கையில் ஒரு தாள். "வாழ்நாள் இல்லக்கா. எட்டு வருசம்" என்றாள். "மூர்த்தி சாருதான் கொறைக்கச் சொன்னாராம். முன்னாடியே சொல்லியிருக்கேன்ல, அதுக்காக." அப்படியென்றால் சொன்னது வீண் போகவில்லை, உதவியிருக்கிறது, உதவியிருக்கிறது அல்லவா? குமுதவல்லி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள், பந்தைத் தயங்கி நிற்க வைக்கும் அந்த இடது மணிக்கட்டை. "எட்டு வருஷம்தானேம்மா? முப்பது வயசுல திரும்ப வரலாம். ஸ்பின்னருக்கு முப்பதெல்லாம் ஒரு வயசே இல்ல. விடாம பிராக்டிஸ் பண்ணு, நான் வேணா..." இசக்கி கையை உருவிக்கொள்ளவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவளைப்போல் கேட்டாள்: "நீங்க எத்தனாவது வயசுல ஆடுறத விட்டியக்கா?"

குமுதவல்லி அந்த மணிக்கட்டை விட்டாள்.

"இருபத்தொன்பது."